கிழவிக்குத் தெரிந்த வழி

களிறு என்றால் ஆண் யானை, பிடி என்றால் பெண் யானை. சங்க இலக்கியம் நடத்துகிற எவரும் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுவோம். களிற்றுக்குத் தந்தம் உண்டு, மதம் உண்டு, போர்க்களம் உண்டு, அரசனுக்கு உவமையாகும் தகுதி உண்டு. பிடிக்கு என்ன உண்டு என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள். “களிறு உண்டு” என்று பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி பதில் சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று நடத்திக்கொண்டிருந்தது குறுந்தொகையின் 37ஆம் பாடல். பாலை பாடிய பெருங்கடுங்கோ எழுதியது. பொருள் தேடிப் போன தலைவன் திரும்பி வருவானா என்று கலங்கும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள். அவன் நடக்கும் வறண்ட வழியில் ஒரு களிறு தன் பிடியின் பசியைத் தீர்க்க யா மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டிருக்கும், அதைக் கண்டால் அவனுக்கு உன் நினைவு வரும் என்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. இப்போதும் பிடிக்கும். ஆனால் அந்தப் பாட்டில் பிடி எதுவும் செய்வதில்லை. பசித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதே காட்சியைத் தான்சானியாவின் தரங்கிரே தேசியப் பூங்காவில் பார்த்தேன். செப்டம்பர் மாதம், கோடையின் உச்சம். புல் வைக்கோலாகியிருந்தது. மரம் யா அல்ல, பாவோபாப். ராமநாதபுரத்துக் கடற்கரைப் பக்கம் ஆனைப்புளி என்பார்கள், மன்னாரில் பெருக்கமரம் என்பார்கள், அதே மரம். ஒரு யானை தன் தந்தத்தை அடிமரத்தில் குத்தி நெம்பியது. பிளந்த இடத்தில் துதிக்கையை நுழைத்து இழுத்தது. பட்டை நார் நாராக உரிந்து வந்தது. அதை வாயில் திணித்து நீர் பிழிய மென்றது. காலடியில் விழுந்ததைக் கன்று பொறுக்கியது. உரித்துக்கொண்டிருந்தது பிடி. கண்ணுக்கெட்டிய தூரம்வரை களிறு இல்லை.

ஆசிய யானைகளில் நீண்ட தந்தம் ஆணுக்குத்தான். ஆப்பிரிக்கச் சவன்னா யானைகளில் இருபாலுக்கும் உண்டு. இந்த ஒரு வேறுபாடு எத்தனை உயிர்களின் கதையை மாற்றியிருக்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் தந்த வேட்டை நடந்த காலத்தில் செத்து விழுந்தவை களிறுகள். ஆப்பிரிக்காவில் பெரிய களிறுகளை முடித்த பிறகு துப்பாக்கி கூட்டத் தலைவிகளை நோக்கித் திரும்பியது. தந்தம் ஆயுள் முழுக்க வளர்வது. ஆகவே பெண்களில் யாருக்கு வயது அதிகமோ அவளுக்கே தந்தமும் பெரிது. 1970களிலும் 80களிலும் இந்தக் கணக்கில்தான் கிழவிகள் சுடப்பட்டார்கள்.

கிழவிகள், சுடப்பட்டார்கள் என்று எழுதும்போதே என் இலக்கண ஆசிரியர் கண்முன் வருகிறார். யானை அஃறிணை. அது, அவை. ஆண்பால், பெண்பால் என்பதெல்லாம் உயர்திணைக்கு மட்டும். திணை மயங்க இலக்கணம் ஒரு வாசல் திறந்துவைத்திருக்கிறது, உவப்பினால் அஃறிணையை உயர்திணையாக்கலாம் என்று. அதற்கு நன்னூல் உரைகள் காட்டுவது பசுவை அம்மையாக்கி அழைக்கும் உதாரணம். அங்கேயும் அம்மையாகத்தான் படியேற வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரையில் அதுவும் வரும், அவளும் வரும். வழு என்றால் வழுவாகவே இருக்கட்டும்.

வண்டியில் நான்கு பேர், நான்கு பேரும் பெண்கள். என்னோடு ஆய்வு மாணவியாக விடுதி அறையைப் பகிர்ந்துகொண்ட தோழி அருஷாவில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். அவளும், இரண்டு மாதமாக அவள் வீட்டில் தங்கியிருந்த அவளுடைய மாமியாரும், நானும், வண்டி ஓட்டிய வழிகாட்டியும். மாமியாருக்கு 74 வயது. முதுகுளத்தூருக்கும் சாயல்குடிக்கும் இடையில் ஒரு கிராமம். “வண்டி குலுக்கும், அம்மாவுக்கு முடியாது” என்று மகன் சொல்லியிருந்தார். “முடியுமா முடியாதானு என்கிட்டக் கேக்கணும்ல” என்று அந்த அம்மா காலை ஐந்து மணிக்கே சேலை மாற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சேலை கருநீலச் சுங்குடி. ட்செட்சி ஈ கருநீலத்தையும் கறுப்பையும்தான் தேடி வரும், அந்த ஈயைப் பிடிக்கவே பூங்காவில் நீலமும் கறுப்புமான துணிப்பொறிகள் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று தோழி எவ்வளவோ சொன்னாள். “ஈக்குப் பயந்து சேலைய மாத்தவா?” நாள் முழுவதும் ஈக்கள் அவரைத்தான் கடித்தன. அவரும் நாள் முழுவதும் அடித்துக்கொண்டே வந்தார்.

வழிகாட்டி வந்ததும் அம்மாவின் முன்னால் லேசாகக் குனிந்து “ஷிகமூ” என்றாள். சுவாஹிலியில் இளையவர் மூத்தவருக்குச் சொல்லும் வணக்கம். உன் பாதத்தைப் பற்றுகிறேன் என்பது அதன் வேர்ப்பொருள் என்கிறார்கள். மூத்தவர் “மரஹபா” என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அம்மா அதைப் பழகிவைத்திருந்தார். பட்டா மாற்றிக் கொடுக்கும் தாசில்தாரின் தோரணையில் சொன்னார்.

அந்தத் தொழிலில் பெண் ஓட்டுநர்கள் குறைவு. முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பாள். “வேலைக்குக் கேட்டுப் போன முதல் இடத்தில் என் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. காட்டுக்குள் டயர் வெடித்தால் என்ன செய்வாய் என்றார்கள். மாற்றுவேன் என்றேன். நம்பவில்லை. அவர்கள் முற்றத்திலேயே ஒரு டயரைக் கழற்றி மாட்டிக் காட்டினேன். அப்போதும் சிரித்தார்கள்.” வேறொரு இடத்தில் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறதாம். எத்தனை ஆண் ஓட்டுநர்களை வேலைக்கு எடுக்கும்போது டயர் கழற்றச் சொன்னார்கள் என்று கேட்டேன். ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தாள்.

சவன்னா பற்றி எழுதுகிறவர்கள் வானம், புல்வெளி, சூரியாஸ்தமனம் என்று எழுதுவார்கள். கழிப்பறை பற்றி எழுத மாட்டார்கள். பூங்காவுக்குள் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, அனுமதித்த இடங்களைத் தவிர. கழிப்பறை நுழைவாயிலில் ஒன்று, மேட்டின் மேலுள்ள உணவிடத்தில் ஒன்று. இடையில் மண்சாலையில் மணிக்கணக்கான குலுக்கல். பக்கத்து வண்டியில் வந்த ஆண்கள் ஒரு புதருக்கு அருகே கதவோரமாக நின்று காரியத்தை முடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அம்மா அதற்கு முன்பே முடிவெடுத்திருந்தார். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. “எனக்கு இது பழக்கந்தான் தாயி” என்றார். எனக்கும் பழக்கம்தான். கல்லூரிக்குப் பேருந்தில் போய்வருகிற ஆசிரியைகளுக்கெல்லாம் பழக்கம். தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு தாகத்தோடு ஒரு கண்டத்தின் வறட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் கூட்டம் சாலைக்கு இடப்புறம் நின்றது. சின்னதும் பெரியதுமாகப் பதினொன்று. என் கண் முதலில் கால்களைத்தான் பார்த்தது. சங்கிலி எங்கே என்று தேடியது. நாற்பது வருடமாக நான் அருகில் நின்று பார்த்த யானைகள் எல்லாம் கோயில் யானைகள். நம் கோயில்களில் நிற்பவை பெரும்பாலும் பெண் யானைகள். களிறுக்கு மதம் பிடிக்கும், பிடி அடங்கி நிற்கும் என்பது காரணம். தாயோடும் தமக்கையோடும் சித்தியோடும் சாகும்வரை சேர்ந்து வாழும் இனத்தில் ஒருத்தியை மட்டும் பிரித்துக் கொண்டுவந்து, நெற்றியில் பட்டை தீட்டி, கருங்கல் தரையில் நிறுத்தி, நாணயம் கொடுத்தவர் தலையில் துதிக்கை வைக்கப் பழக்கியிருக்கிறோம். கல்யாணமாகி வந்த இடத்தில் அடங்கியிரு என்று சொன்னால் போதும், நம்மில் யாருக்கும் அந்த யானையின் கதை விளங்கிவிடும்.

இங்கே அவற்றின் கால்களில் ஒன்றுமில்லை. முழங்கால்வரை சேறு, அதற்கு மேல் செம்மண் தூசி. முன்னங்கால்களுக்கு நடுவில் இரண்டு முலைகள், பால் கட்டித் தொங்கின. “அட, நம்மள மாதிரியே நெஞ்சுல இருக்கு” என்றார் அம்மா. கூட்டத்தில் எல்லோரும் பெண்களும் பிள்ளைகளும். பையன்கள் பதின்வயதில் விலகிப் போய்விடுவார்கள். வளர்ந்த களிறு தனியாகவோ வேறு களிறுகளோடோ திரியும், பருவத்துக்கு வரும், போகும். மூத்தவள் எங்கே நடக்கிறாளோ அங்கே மற்றவர்கள். அவள் அதட்டிப் பார்க்கவில்லை நான். நின்றாள், எல்லோரும் நின்றார்கள். காதை ஒருமுறை விசிறினாள், நடந்தாள், நடந்தார்கள். காதின் ஓரமெல்லாம் கிழிந்து கந்தலாகியிருந்தது. நெற்றிப்பொட்டு குழி விழுந்திருந்தது. அழகி இல்லை. அவளை அழகி என்று சொல்லவேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இல்லை.

தரங்கிரே ஆறுதான் இந்தப் பூங்காவின் உயிர். மழைக்காலத்தில் சிதறிப் போகும் விலங்குகள் கோடையில் இந்த ஆற்றுக்குத் திரும்புகின்றன. செப்டம்பரில் ஆறு பல இடங்களில் மணலாகக் கிடந்தது. அந்த மணலில் ஒரு யானை முன்னங்காலால் கிளறியது. துதிக்கையால் மணலை வாரி ஓரம் போட்டது. மறுபடி கிளறியது. குழி ஆழமானதும் அசையாமல் நின்றது. காத்திருந்தது. பிறகு துதிக்கையை உள்ளே விட்டு உறிஞ்சியது.

அம்மா இருக்கையிலிருந்து எழுந்துவிட்டார். “ஊத்து தோண்டுது! தாயி, ஊத்துத் தோண்டுது பாரு!” தோழி எவ்வளவு சொல்லியும் குரல் தணியவில்லை. “தோண்டுன ஒடனே மோக்கக் கூடாது. கலங்கல் அடங்கணும். அதுக்குத்தான் நிக்கிது. அதுக்குத் தெரியிது பாரேன்.”

ராமநாதபுரத்துப் பெண்களுக்கு ஊற்று தெரியும். ஊருணி வற்றியபின் கண்மாய்க்குள் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். இரவெல்லாம் குழியருகே காத்திருப்பார்கள். கண்மாயில் எல்லா இடத்திலும் நல்ல தண்ணீர் வராது. இரண்டடி தள்ளித் தோண்டினால் உப்பு.

“எந்த இடத்தில் தோண்டணும்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“எம் மாமியா காட்டுனா. அவளுக்கு அவ மாமியா காட்டுனது.” சற்று நேரம் ஈயை அடித்தார். “அவ லேசுப்பட்டவ இல்ல. எனக்கு வயிறாரச் சோறு போட்டதில்ல. மூத்தவன் வயித்துல இருக்கையில மாவாட்டவிட்டு வேடிக்க பாத்தவ. ஆனா எங்க தோண்டணும், எந்தச் செடி பச்சையா நின்னா அடியில தண்ணி கெடக்கும், அத மட்டும் ஒளிக்கல. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனா.”

தோழி ஊற்று தோண்டும் யானையையும், அது நகர்ந்தபின் அதே குழியில் துதிக்கையை விட்ட குட்டியையும் படமெடுத்து, அங்கேயே ஒரு அம்மா பாட்டைப் பின்னணியில் போட்டு, ‘தாய்மை’ என்று தலைப்பிட்டாள். சிக்னல் கிடைக்கும்போது போய்ச் சேரட்டும் என்று அனுப்பியும் வைத்தாள். அவள்மீது எனக்குக் கோபம் இல்லை. நம் கையில் இருக்கிற சொல் அதுதான். பெண் யானை கூட்டத்தை நடத்துகிறது என்றால் தாய்மை. கோழி பருந்தை விரட்டினால் தாய்மை. விண்கலம் ஏவிய பொறியாளர் தலையில் மல்லிகை வைத்திருந்தால் அதிலும் எப்படியாவது ஒரு தாய்மையைக் கண்டுபிடித்துவிடுவோம். பெண் எதைச் செய்தாலும் அன்பினால் செய்கிறாள் என்று சொல்லிவிட்டால், அவளுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

1993-இல் தரங்கிரேயில் கடும் வறட்சி. சார்லஸ் ஃபோலி என்ற ஆய்வாளர் அந்த ஆண்டுதான் இங்கே யானைகளைக் கவனித்துக் குறிக்கத் தொடங்கியிருந்தார். மூன்று தொகுதிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஒன்பது மாதத்தில் 81 கன்றுகளில் 16 செத்துப்போயின. நல்ல ஆண்டுகளில் நூற்றுக்கு இரண்டு கன்று சாகும் இடம் அது. மூன்று தொகுதிகளில் இரண்டு, பூங்காவை விட்டு வெளியேறிப் போய்விட்டன. ஒன்று மட்டும் தங்கிவிட்டது. செத்த கன்றுகளில் பத்துக்கு ஆறு பங்குக்கு மேல் தங்கிய தொகுதியுடையவை.

இதற்கு முந்தைய பெரிய வறட்சி 1958இலிருந்து 1961 வரை நீடித்தது. வெளியேறிய தொகுதிகளில் அந்த வறட்சியைக் கன்றாக இருந்து கடந்துவந்த பிடிகள் இருந்தார்கள். அம்மாவின் பின்னாலோ பாட்டியின் பின்னாலோ நடந்து தண்ணீர் கண்டவர்கள். முப்பத்தைந்து ஆண்டு கழித்து அந்தத் திசையில் நடந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். யானையிடம் கேட்டு உறுதிசெய்ய முடியாதுதான். தங்கிய தொகுதியில் அந்த வயதுக்காரி ஒருத்திகூட இல்லை. தந்தத்துக்காக ஏற்கெனவே கொல்லப்பட்டிருந்தார்கள். 2008-இல் வெளியான இந்த ஆய்வை நான் அருஷாவுக்குப் போவதற்கு முன்பே படித்திருந்தேன். ஆற்றுமணலில் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதன் பாரம் உறைத்தது.

தங்கிய கூட்டத்துத் தாய்கள் தங்கள் கன்றுகளை நேசிக்காமலா இருந்தார்கள்? பால் வற்றும்வரை கொடுத்திருப்பார்கள். செத்த கன்றின் அருகே நின்றிருப்பார்கள். தாய்மைக்கு அங்கே ஒரு குறையும் இருந்திருக்காது. அவர்களிடம் இல்லாமல் போனது வழி. வழி தெரிந்தவளைத் தந்தத்துக்காகச் சுட்டபோது, அவளோடு வருங்காலத்தில் பிறக்கவேண்டிய கன்றுகளின் தண்ணீரும் போயிற்று. அதை அன்பு ஈடுகட்டவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்து அந்தக் கொடுமைக்கார மாமியாரிடம் அன்பே இல்லை, ஊற்று தெரிந்திருந்தது.

கிளிமஞ்சாரோவுக்கு அந்தப் பக்கம், கென்யாவின் அம்போசெலியில் நடந்த ஆய்வுகளும் இதையே வேறு விதமாகச் சொல்கின்றன. கேரன் மெக்கோம்பும் அவருடைய குழுவினரும் ஒலிபெருக்கியில் சிங்கங்களின் கர்ஜனையை ஒலிக்கவிட்டார்கள். ஆண் சிங்கத்தின் குரலையும் பெண் சிங்கத்தின் குரலையும் பிரித்தறிந்து, ஆபத்து அதிகமான ஆண் சிங்கத்துக்குச் சரியாக எச்சரிக்கையானவை வயது முதிர்ந்த தலைவிகளின் கூட்டங்கள். இளம் தலைவிகளால் அவ்வளவு முடியவில்லை. பிறகு மனிதக் குரல்களைப் போட்டார்கள். யானைக்கூட்டம் வருகிறது பாருங்கள் என்ற ஒரே வாக்கியம், வேறுவேறு வாய்களில். யானைகளை ஈட்டியால் குத்தும் மாசாய் இனத்து ஆணின் குரல் கேட்டதும் நெருங்கிக் கூடிப் பின்வாங்கின. விவசாயம் செய்யும் கம்பா இனத்து ஆணின் குரலுக்கு அந்த அளவு அஞ்சவில்லை. மாசாய்ப் பெண்ணின் குரலுக்கும் சிறுவனின் குரலுக்கும் அஞ்சவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. வாசலில் செருப்பு கழற்றும் சத்தத்திலிருந்தே இன்றைக்கு அவன் குடித்திருக்கிறானா என்று சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும். மாடிப்படியில் ஏறும் காலடி யாருடையது என்று அறைக்குள்ளிருந்தே அறிந்து, பிள்ளைகளைப் பின்கட்டுக்கு அனுப்புகிறவர்களைத் தெரியும். அதை ஒலிபெருக்கி வைத்து யாரும் ஆய்ந்ததில்லை. அதற்குச் சந்தேகப் புத்தி என்று பெயர்.

மதியம் கூட்டம் ஒன்று வண்டியைச் சூழ்ந்து மேய்ந்தது. வழிகாட்டி என்ஜினை அணைத்தாள். வெகுநேரம் புல் பிடுங்கும் சத்தம் மட்டும். ஒரு கன்றை இளம்பிடி ஒன்று வயிற்றுக்கடியில் இழுத்து நிறுத்தியது. அதன் தாய் அதுவல்ல, தாய் அங்கே நிற்கிறாள் என்று வழிகாட்டி காட்டினாள். கன்றைப் பார்த்துக்கொள்வதில் பெறாதவர்களுக்கும் பங்கு உண்டாம்.

“பிள்ள பெறாதது இருந்தா கூடச் சேத்துக்குமா?” என்று அம்மா கேட்டார். என்னைப் பார்க்காமல்தான் கேட்டார். வெளியே பார்த்துக்கொண்டே.

தோழி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மொழிபெயர்த்தாள். “ஏன் சேர்க்காது?” என்றாள் வழிகாட்டி. கேள்வி அவளுக்குப் புரியவில்லை.

“எஞ் சின்னாத்தாளுக்குப் பிள்ள இல்ல” என்றார் அம்மா. “அவளுக்கும் ஊத்து நல்லாத் தெரியும். வறட்சியில எல்லாரும் அவ பின்னாடிதான் குடத்தத் தூக்கிட்டுப் போவோம். வளகாப்புக்கு மட்டும் கூப்புட மாட்டோம்.”

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எத்தனை வளைகாப்புகளுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை என்பதை நான் எண்ணிவைத்திருக்கவில்லை. கவிதைகளில்கூட எழுதியதில்லை. இளம்பிடி கன்றைத் துதிக்கையால் தட்டித் தட்டி நடத்திக்கொண்டு போனது.

தரங்கிரே தேசியப் பூங்காவானது 1970-இல். பரப்பு ஏறத்தாழ 2850 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் இங்கிருக்கும் வரிக்குதிரைகளும் காட்டுமான்களும் எல்லையைத் தாண்டிக் கிழக்கே சிமஞ்ஜீரோ சமவெளிக்குப் போய்விடும். கன்று ஈனுவது அங்கேதான். அந்த நிலம் மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலம். கோடையில் அவர்களுடைய மாடுகளும் இந்த ஆற்றுக்கு வந்துகொண்டிருந்தன, பூங்கா ஆகும்வரை. அதன் பிறகு விலங்கு வெளியே போகலாம், மாடு உள்ளே வர முடியாது. செரங்கெட்டியிலிருந்து 1959-இல் மாசாய் மக்களை வெளியேற்றினார்கள். மனிதச் சுவடு படாத ஆதிநிலம் என்று விளம்பரப் படங்களில் வருகிறதே, அது அப்படி ஆக்கப்பட்டது.

மாசாய் வழக்கத்தில் வீடு கட்டுவது பெண். குச்சி நட்டு, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுவது அவள். மாடு ஆணுக்குச் சொந்தம், கறக்கும் பால் பெண்ணின் பொறுப்பு. ஆகவே மாட்டுக்குத் தண்ணீர் இல்லையென்றால் முதலில் வற்றுவது அவள் அடுப்படி. வெளியேற்றும்போது எரிவது அவள் கட்டிய வீடு. செரங்கெட்டியின் கிழக்கு ஓரத்திலிருக்கும் லோலியோண்டோவில் 2009-இல் அப்படித்தான் எரிந்தது. மறுவருடம் அந்தப் பகுதிப் பெண்கள் பெருந்திரளாகக் கூடி, ஆளுங்கட்சியின் உறுப்பினர் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். யானைத் தலைவியைப் பார்த்து உருகுகிறவர்கள் இந்தக் கிழவிகளையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. சுற்றுலாப் பட்டியலில் அது இல்லை. பட்டியலில் இருப்பது மாசாய்க் குடியிருப்பில் அரை மணி நேரம், குதித்தாடும் நடனம், மணிமாலை விற்பனை. அதற்குப் போகவில்லை. தோழிக்கு வருத்தம்தான்.

யானைகளுக்குப் பூங்கா வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. தந்த வேட்டை உச்சத்தில் இருந்தபோது அந்த எல்லைக்கோடு பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் 1993-இல் கன்றுகள் பிழைத்தது கோட்டைத் தாண்டியதால். பாதுகாப்பான இடத்திலேயே இரு என்று சொல்லப்பட்ட எல்லோருக்கும் இந்தச் செய்தியை அனுப்பலாம். தாண்டுவதற்கு ஒருத்திக்கு வழி தெரிந்திருக்க வேண்டும், வழி இன்னும் திறந்தும் இருக்க வேண்டும்.

மாலை ஆறு மணிக்குள் வாயிலைக் கடந்தாக வேண்டும். அருஷாவுக்கும் டொடோமாவுக்கும் இடையிலான தார்ச்சாலையை எட்டியதும் வழிகாட்டி வேகத்தைக் குறைத்தாள். க்வாகுச்சிஞ்சா என்ற இடம். தரங்கிரேயிலிருந்து மன்யாரா ஏரிப் பக்கம் விலங்குகள் கடக்கும் பாதை இதுதான் என்று கையைக் காட்டினாள். காட்டிய இடத்தில் சோள அறுவடை முடிந்த வயல், தகரக் கொட்டகைகள், செல்போனுக்குப் பணம் போடும் கடை, இருசக்கர வண்டிகளோடு பயணிகளுக்குக் காத்திருக்கும் இளைஞர்கள். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த மக்களையும் குறை சொல்ல முடியாது, அவர்களும் எங்கே போவார்கள் என்றாள்.

“அப்ப யானை எப்படித் தாண்டும்?” என்று அம்மா கேட்டார்.

“இரவில் போகும். ஆட்கள் உறங்கியபிறகு. சத்தமே வராது. காலையில் காலடியைப் பார்த்துத்தான் போனது தெரியும்.”

தோழி சொல்லி முடித்ததும் அம்மா தலையாட்டினார். காலையிலிருந்து குடிக்காத தண்ணீரை இப்போது பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்கு குடித்தார். வீடு இன்னும் இரண்டு மணி நேரம்.

“நாங்களும் அப்பிடித்தான்” என்றார். “வெளிக்கிப் போகணும்னா இருட்டணும். ஆம்பளைக நடமாட்டம் அடங்கணும். வயித்தப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்போம். பெரியவ ஒருத்தி எந்திரிச்சு வாங்கடினு முன்னாடி நடப்பா, கருவேலங்காட்டுக்குள்ள. பாம்பு எங்கிட்டு, பள்ளம் எங்கிட்டுனு அவளுக்குத்தான் தெரியும். வெளக்கு கெடையாது. சத்தம் போடாமப் போயிச் சத்தம் போடாம வருவோம்.”

வழிகாட்டி கண்ணாடி வழியாகத் தோழியைப் பார்த்து, அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டாள். தோழி சொன்னாள். இந்த முறை நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல்.